கை மறைக்கும் பழுது

பழைய காரின் ஸ்டியரிங் ஒரு நாளில் கெடுவதில்லை. மயிரிழை மயிரிழையாகத் தளரும். தளரத் தளரக் கையும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். வண்டி இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் சற்றே பிடித்துவைக்கும். ஸ்டியரிங்கில் ப்ளே கூடினால், வளைவு வருமுன்னே திருப்பத் தொடங்கிவிடும். இதெல்லாம் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே நடக்கும். கேட்டால், "வண்டி நல்லா ஓடுது" என்பார். பொய் சொல்லவில்லை, பழுதைக் கை வாங்கிவைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

புதிதாக ஒருவர் அதே வண்டியில் ஏறி ஹட்டன் மல்லியப்பு சந்தி தாண்டுமுன்னே சொல்லிவிடுவார்: "என்ன அண்ணே, வண்டி நீந்துது!"

ஸ்டியரிங் கோளாறு தேடும்போது, முதலில் சந்தேகப்பட வேண்டியது சொந்தக் கையை.

*

இரண்டாக அறுத்த கார்

என்னிடம் இருப்பது மொரிஸ் மைனர். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்த கார். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். உற்பத்தி தொடங்கும் தறுவாயில் மாதிரி வண்டி ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டை அந்த நாலு அங்குலம்தான். பம்பர்கள் ஏற்கெனவே செய்தாகிவிட்டதால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள்.

தொழிற்சாலையை விட்டு வெளியே வருமுன்னே மாற்றம் கண்ட கார் இது. 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதிய கார் வராத காலத்தில், இலங்கையில் இருந்தவற்றையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், ஒரு காரை எறியாமல் பழுது பார்த்தே காலம் முழுக்க வைத்திருக்கலாம் என்று 1982இல் புத்தகமே எழுதினார். பிறகு இதன் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கவும் வழி பார்த்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து வருடத்தில் கராஜ் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மைனர்களும் தெருவுக்கு வந்தன.

என் வண்டியில் இப்போது இருப்பது ஜப்பான் எஞ்சின், ஐந்து கியர் பொக்ஸ், முன்னால் டிஸ்க் பிரேக், அகலமான அலோய் சக்கரம், பின்னால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் இலை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உரிமையாளர் செய்தார். யாரும் விளையாட்டுக்குச் செய்யவில்லை. 948 சீசீ எஞ்சினோடு நாலு பேரை ஏற்றிக் கினிகத்தேனை ஏற்றம் ஏறிப் பார்த்தவர் எஞ்சினை மாற்றினார். அதே ஏற்றத்தில் இறங்கிப் பார்த்தவர் பிரேக்கை மாற்றினார். மரக்கறி மூட்டை ஏற்றியவர் இலையைக் கூட்டினார்.

*

தேய்ந்ததும் மாற்றியதும்

மாற்றம் செய்யாத பழைய காரில் கோளாறு என்றால் ஏதோ தேய்ந்திருக்கிறது. கையேட்டைத் திறந்து, தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது. மாற்றிய காரில் அப்படியல்ல. தேய்மானமும் மாற்றமும் ஒரே குரலில்தான் பேசும். வண்டி அலைகிறது என்றால் ஸ்டியரிங் ரெக் எண்ட் தேய்ந்ததாலும் இருக்கலாம். பின்பக்கம் உயர்ந்ததாலும் இருக்கலாம். முன்னது தேய்மானம், பஞ்சிகாவத்தையில் சாமான் கிடைக்கும். பின்னது ஒருவர் யோசித்துச் செய்த வேலை. அங்கே புதிய சாமான் போட்டுப் பயனில்லை. கணக்குத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் மாறினால் அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறும். எஞ்சினுக்கு இடம் விட ரெக்கை அரை அங்குலம் இறக்கினால் அது எந்தப் புத்தகத்திலும் ஏறாது. அதை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் வாசிக்க வேண்டும்: புதிய துளை, வேறு நிறத்து வெல்டிங், ஒரு போல்ட்டில் மட்டும் இரண்டு வொஷர்.

*

சொல்லும் முறை

"ஆடுது" என்ற ஒரு சொல்லோடு கராஜுக்குப் போகிறோம். மெக்கானிக் அண்ணன் அதை ஏற்பதில்லை. "எப்ப ஆடுது? ஏறும்போதா, இறங்கும்போதா? பிரேக் வச்சா கூடுதா? தனியா போறப்பவா, ஆள் ஏத்திட்டா?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால், "பார்த்துட்டு வாங்க தம்பி" என்று அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

பார்க்கப் போனால் அந்த ஒரு சொல்லுக்குள் பல இருக்கின்றன. எப்போதும் ஒரே பக்கம் போனால் இழுப்பு. இரு பக்கமும் மாறி மாறித் திருத்திக்கொண்டே இருக்கவேண்டி வந்தால் அலைச்சல். ஒரு வேகத்தில் வந்து இன்னொரு வேகத்தில் மறைவது உதறல். பெரும்பாலும் சக்கர பலன்ஸ். அது இங்கே நோர்வூட், மஸ்கெலியா ஓட்டத்தில் தலைகாட்டாது. அவிசாவளைக்குக் கீழே நேர்ப்பாதையில் வேகம் எடுத்தால்தான் வெளியே வரும். பிரேக் வைக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கையும், சக்கரத்தின் கீழ்க் கையைப் பிடித்திருக்கும் டை பார் ரப்பரையும் பார்க்க வேண்டும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானே திரும்பி வராவிட்டால் அது வேறு வியாதி. இத்தனைக்கும் ஒரே சொல்லைச் சொன்னால் ஒரே மருந்துதான் கிடைக்கும்: அலைன்மெண்ட் பண்ணுங்க.

*

நேர்ப்பாதை இல்லாத ஊர்

தட்டையான, நேரான, காலியான பாதையில் கையை இலேசாக விட்டுப் பார் என்கின்றன புத்தகங்கள். ஹட்டனில் அப்படி ஒரு பாதைக்கு எங்கே போவது? ஏ7 வீதியில் வட்டவளையிலிருந்து கொட்டகலை வரைக்கும் ஒரு வளைவு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். வீதி எங்கும் ஒரு பக்கம் சரிந்திருக்கும், தண்ணீர் ஓட.

அதனால் இங்கே சோதனையை வேறு விதமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே துண்டுப் பாதையில் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். ஏறும்போது மலைச்சுவர் பக்கம் இழுத்து, இறங்கும்போதும் அதே மலைச்சுவர் பக்கம் இழுத்தால் இழுப்பது வீதி. இரண்டு தடவையும் ஓட்டுகிறவரின் இடப்பக்கமே இழுத்தால் இழுப்பது கார்.

வளைவுகளுக்கும் ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு வளைவின் முடிவிலும் ஒரு கணம் கையைத் தளர்த்தினால், ஸ்டியரிங் எவ்வளவு தூரம் தானாகத் திரும்பி வருகிறது என்று தெரியும். இடது வளைவிலிருந்து முழுக்க வந்து, வலது வளைவிலிருந்து பாதியில் நின்றால், ஒரு பக்கம் மட்டும் ஏதோ இறுகியிருக்கிறது. நேர்ப்பாதைக்காரருக்கு இந்தச் சோதனை எப்போதாவதுதான் வாய்க்கும். நமக்குத் திரும்புகிற இடமெல்லாம் வாய்க்கும்.

இறக்கம் இன்னொரு உண்மையைக் காட்டும். பாரம் முன்னே சாய்ந்து, முன்சக்கரங்கள் இரண்டும் அழுந்தி, பிரேக்கும் சேரும்போது எல்லாத் தளர்வும் ஒரே நேரத்தில் வெளிப்படும். இறங்கி நின்றதும் இரு முன்சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். இரண்டும் சூடாக இருப்பது இந்த மலையில் வழக்கம். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங் மேல் பழி வீண்.

*

காற்று

முதலில் பார்க்க வேண்டியது செலவில்லாதது. டயருக்குக் காற்று. பழைய கையேடு முன்சக்கரத்துக்கு 22 இறாத்தல் என்கிறது. அது அந்தக் காலத்து ஒடுங்கிய குறுக்கிழை டயருக்குச் சொன்னது. இப்போதுள்ள ரேடியலுக்கு அது போதாது. டயர் மாறி, எஞ்சின் மாறி, பாரம் மாறிய பிறகும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எந்தக் காலத்திலும் மாறவில்லை.

அடுத்து டயரின் முகம். உள்விளிம்பு தேய்ந்ததா, வெளிவிளிம்பா, நடுவா? உள்ளங்கையைக் குறுக்காக, முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவிப் பார்த்தால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் அரம் போலவும் இருந்தால் சக்கரம் நேராக உருளாமல் பக்கவாட்டில் உரசியே ஓடியிருக்கிறது. "கை ஸ்டியரிங்கைப் பிடிச்சா பொய் சொல்லும் தம்பி, டயரைத் தடவுனா உண்மை சொல்லும்" என்பார் அண்ணன்.

இழுப்பு இருந்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டலாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் மேலே தேட வேண்டும்.

*

ஜக்கின் மேல்

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், அண்ணன் அதை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுகிறார். "டக்". காதுக்கு வருமுன் அது உள்ளங்கையில் தெரிகிறது. என்னை உள்ளே அனுப்பி, "பிரேக்கை மிதிங்க" என்கிறார். மிதிக்கிறேன். மறுபடி ஆட்டுகிறார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங். மிதித்தும் ஆடினால் ட்ரனியன். ஆடுகிறது.

இனி பக்கவாட்டில். இடமும் வலமுமாக ஆட்டும்போது தளர்வு இருந்தால் டை ரொட் எண்டையோ ரெக்கையோ பார்க்க வேண்டும். அதற்கு வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக அசைக்க, மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்ப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். இரண்டு இரும்பு சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்தால், ஒன்று முந்திப் போவதும் மற்றது பிந்தி வருவதும் புரியும். ஸ்டியரிங் கம்பியில் தொடங்கி ரெக், ரெக் எண்ட், டை ரொட் எண்ட், சக்கரம் என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

*

ட்ரனியன்

மைனரின் முன்சக்கரம் திரும்புவது ஒரு மரையாணியில். ஸ்விவல் பின்னின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை வெட்டியிருக்கும். அவை மேல் ட்ரனியனிலும் கீழ் ட்ரனியனிலும் சுழலும். சக்கரம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மரை சற்று ஏறும், சற்று இறங்கும். கிரீஸ் இருக்கும்வரை பல்லாண்டு உழைக்கும். கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்த மரை ஒரு நாள் மொத்தமாகக் கழன்று, கால் மடங்கியதுபோல் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அஞ்சுவது இதற்குத்தான்.

மழையும் தோட்டத்துக் கருங்கல் பாதையும் உள்ள ஊரில் கிரீஸ் சீக்கிரம் கழுவிப் போகும். வண்டியை ஜக்கில் தூக்கி, சக்கரத்தின் மேல் பாரம் இல்லாமல் வைத்து அடித்தால்தான் அழுந்தும் மரைப் பக்கத்துக்கும் கிரீஸ் போய்ச் சேரும். தரையில் நிற்கும்போது அடித்தால் சுலபமான வழியாக வெளியே வழிந்துவிடும். நிப்பிளைச் சுற்றிக் கறுப்பாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வோம்.

வேகம், எஞ்சின், அலோய் என்று இவ்வளவு மாற்றியவர்களும் இந்த மரையாணியை அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே ஏறிய பலமெல்லாம் வந்து தங்குவது இந்தப் பழைய மரையின் மேல்.

*

சொக் என்கிற கை

வேறு பல கார்களில் சொக் அப்சோபர் துள்ளலைத் தடுக்கும் துணைச் சாமான். போனாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். மைனரில் முன்பக்கத்து நெம்புகோல் சொக்கின் கைதான் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையும். அதன் உட்பெயாரிங் தேய்ந்தால் சக்கரத்தின் தலையே உள்ளும் வெளியுமாக ஆடும். எண்ணெய் ஒழுகுகிறது என்று வேறு கார்க்காரர் சொக்கை மாற்றுவது வசதிக்காக. இங்கே ஸ்டியரிங்குக்காக.

சிலர் பக்கத்தில் நவீன நீளச் சொக் ஒன்றையும் பொருத்தி, பழையதை மேல் கையாக மட்டும் விட்டுவிடுவார்கள். துள்ளல் அடங்கும். ஆட்டம் அடங்காது. வண்டி இப்போது அமைதியாக ஆடும். அது முன்னதை விட மோசம்.

*

பின்னால் கூட்டினால் முன்னால் குறையும்

முன்சக்கரம் தானே நேராகத் திரும்பி வருவதற்குக் காரணம் காஸ்டர் கோணம். அதாவது, சக்கரம் திரும்பும் அச்சு மேலே சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. மைனரில் இது 3 பாகை. முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே 86 அங்குலம். பின்பக்கத்தை ஒன்றரை அங்குலம் உயர்த்தினால் வண்டி முழுவதும் ஒரு பாகை முன்னே சாயும். மூன்றில் ஒன்று போயிற்று. முன்னால் கனமான எஞ்சின் முன்பக்கத்தை இன்னும் இறக்கினால் மீதியிலும் குறையும்.

மரக்கறி மூட்டைக்காகப் பின்னால் வைத்த இலை முன்னால் ஸ்டியரிங்கை மந்தமாக்கியது இப்படித்தான். புதிய ரெக் எண்ட் எத்தனை போட்டாலும் போன கோணம் திரும்பி வராது.

அலோய் சக்கரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெளியே தள்ளி நிற்கும் சக்கரத்தில், டயர் தரையைத் தொடும் இடம் திரும்பும் அச்சிலிருந்து தூரப் போகிறது. நெம்புகோல் நீண்டுவிட்டது. வீதியின் ஒவ்வொரு பள்ளமும் அந்த நெம்புகோலைப் பிடித்து ஸ்டியரிங்கைப் பிடுங்கும்.

இறக்கிய ரெக் தரும் தொல்லை இன்னும் நுட்பமானது. சக்கரம் மேலே ஏறும்போது டை ரொட்டும் கீழ்க் கையும் ஒத்த வில்லாக வளைய வேண்டும். ரெக் இடம் மாறினால் இரண்டு வில்லும் ஒத்துப்போகாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது கை அசையாமலே கார் திரும்பும். கராஜ் தரையில் நிற்கும்வரை அளவெல்லாம் சரியாகவே இருக்கும். இரண்டு பேரை முன் மட்காட்டில் உட்காரவைத்து மறுபடி அளந்தால் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்பக்கத்தையே குற்றம் சொல்லவும் கூடாது. பின் ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்தாலோ, முன் கொக்கி பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்தாலோ பின் அச்சே கொஞ்சம் திரும்பும். வளைவில் வண்டி ஒரு தடவை திரும்பி, பிறகு யாரும் கேளாமல் இரண்டாம் தடவையும் திரும்பினால் பின்னால் போய்ப் பாருங்கள்.

*

நூல்

கணினி அலைன்மெண்ட் நல்லதுதான். தளர்ந்த மூட்டோடு அதில் ஏற்றினால் அன்றைக்கு அந்த நிமிடத்தில் சக்கரம் நின்ற நிலையைத்தான் அது அளக்கும். எனவே மூட்டுகள் முதலில், அளவு கடைசியில்.

வீட்டில் நூலே போதும். பின்சக்கரத்தின் மையத்து உயரத்தில், வண்டியின் இரு பக்கமும் ஒத்த தூரத்தில் இறுக்கமாக நூல் கட்டி, முன்சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் 2.4 மில்லிமீற்றர் உள்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது மைனரின் பழைய அளவு. அகலச் சக்கரத்துக்கு இதே அளவு பொருந்தும் என்றில்லை. தொடங்குவதற்கு ஒரு இடம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதே இதில் மிகக் கடினமான விதி. வண்டியைத் தூக்கியாயிற்று, சாமானும் கையில் இருக்கிறது, எல்லாவற்றையும் போட்டுவிடலாமே என்று மனம் சொல்லும். போட்டால் வண்டி சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த கோளாறுக்கு அந்த அறிவும் இருக்காது.

*

சரியான பிறகு

வேலை முடிந்து வண்டியைத் தரும்போது அண்ணன் சாவியை உடனே விடுவதில்லை. "ரெண்டு நாளைக்கு மெதுவா போங்க தம்பி. வண்டி சரியாயிருச்சு, நீங்க இன்னும் ஆகல."

வெளியே எடுத்த முதல் வளைவிலேயே புரிகிறது. இல்லாத தளர்வை நிரப்பக் கை முன்கூட்டியே திருப்புகிறது. வண்டி உட்பக்கம் வெட்டுகிறது. இல்லாத இழுப்பைத் தடுக்கக் கை வலப்பக்கம் பிடிக்கிறது. எதிரே கொழுந்து லொறி வரும்போது வண்டி வெள்ளைக் கோட்டை நாடுகிறது. திருத்திய கார் கெட்ட கார்போலத் தோன்றும் நேரம் இது. "முன்னேயே நல்லா இருந்துச்சே" என்று திரும்பிக் கராஜுக்குப் போகிறவர்கள் உண்டு. பழுதோடு பழகிய கைக்கு, பழுதில்லாமையைக் கற்க நாள் வேண்டும்.

கற்றுக்கொள்ளும். அதற்கு முன் எழுதிவைக்க வேண்டியவை இருக்கின்றன. நான்கு சக்கரத்தின் காற்று. தரையிலிருந்து நான்கு மட்காட் விளிம்பின் உயரம். நூலில் எடுத்த அளவு. சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் விளிம்பு எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்பது. எந்தப் பகுதி புதியது, எது மாற்றியது, எது இன்னும் 1950களின் இரும்பு என்பது. கை இன்னும் சில வாரத்தில் இன்றைய நிலைக்குப் பழகி, அதன் பிறகு வரும் ஒவ்வொரு தளர்வையும் மறுபடி மறைக்கத் தொடங்கும். அது கையின் இயல்பு. அதனால்தான் இவ்வளவு காலம் இந்த வளைவுகளில் பிழைத்தோம். எழுதிய எண் அப்படிப் பழகாது. அடுத்த சந்தேகம் வரும்போது கையிடம் கேட்காமல் இந்தப் பக்கத்தைத் திறந்து, நூலைக் கட்டி, மறுபடி அளக்கலாம்.